பக்கத்து சீட்டுப் பிரேக்

மிக்கெலி,
பிப்ரவரி 11, புதன்கிழமை.

பெருமதிப்பிற்கும் அதைவிடப் பெரிய அன்பிற்கும் உரிய என் மனைவி ஹெல்விக்கு,

உன் கணவன் எஸ்கோ எழுதிக்கொள்வது. நான் நலம். முழங்கால் சுமாரான நலம். ஜன்னலோரச் செடிகளில் மூன்று நலம். நான்காவதைப் பற்றி நேரில் சொல்கிறேன். இன்று காலை இங்கே மைனஸ் பத்தொன்பது, நீ இருக்கும் ரொவனியெமியில் மைனஸ் இருபத்தாறு, மேற்கிலிருந்து இலேசான காற்று. அங்கத்திய குளிர் எனக்கு எப்படித் தெரியும் என்று நீ புருவத்தைத் தூக்கலாம். முன்பெல்லாம் வானிலை அறிக்கையில் நம் பக்கத்தைச் சொல்லி முடித்ததும் வானொலியை அணைத்துவிடுவேன். இப்போது வடக்கு வரை கேட்கிறேன். கேட்டுவிட்டு, உன் தடித்த கோட்டு இங்கே அலமாரியில் தொங்குகிறதே என்று கவலைப்படுகிறேன். மகள் தைனாவின் பிரசவத்துக்கு முன்னும் பின்னுமாக ஆறு வாரம் என்று சொல்லிப் போனாய்; ஆறு வாரத்துக்கு மெல்லிய கோட்டு போதும் என்றாய். பதினாறு வாரம் ஆகிவிட்டது. தைனா, மாப்பிள்ளை, நம் வழக்கப்படி ஞானஸ்நானம் வரை பெயர் அறிவிக்காத பேத்திகள் இருவர், எல்லோரும் சௌக்கியமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நாம் பேசுவது உனக்கே தெரியும். "சாப்பிட்டியா?" "சாப்பிட்டேன்." "குளிரா?" "குளிர்தான்." "சரி." "சரி." அதற்கப்புறம் யார் முதலில் வைப்பது என்று இரண்டு பேரும் மூச்சை மட்டும் கேட்டுக்கொண்டிருப்போம். எனக்கு அந்த மூச்சே போதும் என்றுதான் இத்தனை நாள் இருந்தேன். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை நீ குழந்தைகளைக் குளிப்பாட்டப் போன நேரத்தில் தைனா போனை எடுத்தாள். எடுத்ததுமே, "அப்பா, அம்மா எப்ப வருவாங்கன்னு எங்கிட்ட சுத்திச் சுத்திக் கேக்காதீங்க. அவங்களையே கேளுங்க" என்றாள். "கேட்டா என்ன சொல்லுவா?" என்றேன். "அது எனக்கெப்படித் தெரியும்? வர்ற ஞாயித்துக்கிழமை குழந்தைங்களுக்கு ஞானஸ்நானம். நீங்க ரயில் ஏறி வந்துடுங்க. ஆனா அம்மா உங்ககூடத் திரும்பி வருவாங்களா மாட்டாங்களாங்கறது உங்க ரெண்டு பேர் பாடு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். மாட்டாங்களா என்ற அந்தச் சொல் அன்றிலிருந்து என்னோடு காப்பி குடிக்கிறது, என்னோடு நீராவிக் குளியலுக்கு வருகிறது. அதனால்தான் காகிதத்தை எடுத்தேன்.

அக்டோபர் இருபத்திரண்டாம் தேதி நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். உன்னை ரயிலடியில் விடுவதாக ஏற்பாடு. விடுவதாக என்றால், வழக்கம்போல நீ ஓட்டுவாய், நான் பக்கத்தில் உட்கார்ந்து வருவேன். வீட்டிலிருந்து ஏரி வளைவு வரைக்கும் நான் நாலே நாலு தடவைதான் வாய் திறந்தேன் என்று இன்றைக்கும் சொல்வேன். மூன்றாவது கியர் என்றேன். கண்ணாடியைப் பார் என்றேன். "மான்!" என்று கத்தினேன், அது வெட்டிப்போட்ட மரத்தின் அடிக்கட்டை, ஒப்புக்கொள்கிறேன். நாலாவதாக, வளைவில், "பிரேக்!" என்றேன். நீ பிரேக் பிடித்தாய். பேருந்து நிறுத்தத்தில் வண்டியை ஓரமாக நிறுத்தி, சாவியை உருவி, என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டாய்.

"நாப்பத்தொரு வருஷமா அந்தப் பக்கம் உக்காந்துகிட்டே ஓட்டியிருக்க, எஸ்கோ. இனிமே இந்தப் பக்கம் உக்காந்து ஓட்டிப் பாரு."

"ரயிலுக்கு நேரமாச்சு, ஹெல்வி."

"எனக்குக் கால் இருக்கு."

பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தாய். நீ திரும்பிப் பார்ப்பாய் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். உன் பெட்டியின் சக்கரச் சத்தம் பாலம் வரைக்கும் கேட்டது.

அன்று வண்டியை வீடு சேர்க்க எனக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது. நான்கு கிலோமீட்டர். நமக்குக் கல்யாணம் ஆவதற்கு முந்தின குளிர்காலத்தில் உன் அப்பாவின் காரை உருளைக்கிழங்கு வயலில் இறக்கியதற்குப் பிறகு நான் ஸ்டியரிங்கைத் தொட்டதே இல்லை என்பது உனக்குத் தெரியும். ஆனால் ஓட்டுவது கஷ்டமாக இல்லை, ஹெல்வி. ஏறி உட்காருவதுதான் கஷ்டமாக இருந்தது. மறுநாள் பால் வாங்கப் போகலாம் என்று கீழே இறங்கி, வண்டியைத் திறந்து, உட்கார்ந்து, பெல்ட்டை மாட்டி, கையுறையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். எதற்கு என்று யோசிக்கவே இல்லை. ஐந்து நிமிடமோ பத்து நிமிடமோ, நம் வளாகத்தின் பராமரிப்பைப் பார்க்கிற ரெய்யோ வந்து கண்ணாடியைத் தட்டினார்.

"என்னய்யா, யாருக்காகக் காத்துக்கிட்டிருக்க?"

"ஹெல்விக்கு" என்று வாயிலிருந்து வந்துவிட்டது.

"அவங்க நேத்தே ஊருக்குப் போயிட்டாங்களே."

"தெரியும்."

நான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தேன். ரெய்யோ சுற்றி வந்து ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போனார். இந்தத் தப்பை ஒரு தடவை செய்தேன் என்று எழுத ஆசைதான். நவம்பர் முடிய மொத்தம் ஒன்பது தடவை.

டயர் விஷயத்துக்கு வருகிறேன். உறைபனி வருவதற்குள், வழுக்காமல் இருக்க ஆணி பதித்த டயரை மாட்டவேண்டும் என்பது சிறு குழந்தைக்கும் தெரியும். அது நம் நிலவறையில் இருந்து தானாக ஏறி வந்து தானாக மாட்டிக்கொள்வதில்லை என்பது எனக்கு இந்த அக்டோபரில்தான் தெரிந்தது. நான்கு டயரிலும் நீ சாக்பீஸால் எழுதி வைத்திருந்தாய், முன் இடது, முன் வலது, பின் இடது, பின் வலது என்று. உன் கையெழுத்தைப் பார்த்ததும் நிலவறையில் கொஞ்ச நேரம் டயர் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். அப்புறம் ஜாக்கி வைத்துத் தூக்கி, கால் விரலில் ஒரே ஒரு தடவை ஸ்பேனரைப் போட்டுக்கொண்டு, மத்தியானத்துக்குள் நான்கையும் மாட்டி, போல்ட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக முறுக்கி, ஐம்பது கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி முறுக்கவேண்டும் என்று நீ நிலவறைச் சுவர்ப் பலகையில் எழுதி வைத்தபடி முறுக்க, ஊரையே ஐம்பது கிலோமீட்டர் சுற்றி வந்தேன். வண்டி சுற்று முழுக்க ஆட்சேபம் சொல்லிக்கொண்டே வந்தது. திரும்பி வந்து நிறுத்தியதும் ரெய்யோ குனிந்து பார்த்தார்.

"டயர் சுத்தவேண்டிய பக்கத்துக்கு அம்புக்குறி போட்டிருக்கு பாரு. உன்னுது நாலும் பின்னாடி பாத்திருக்கு."

"ஹெல்வி எழுதினபடிதான் மாட்டியிருக்கேன். இடது, வலது."

"எங்க நின்னு பாத்த?"

வண்டிக்கு முன்னால் நின்று, அதன் முகத்தைப் பார்த்தபடி நின்றுதான் இடது வலது பார்த்தேன். ஒருவரோடு பேசும்போது நாம் அப்படித்தானே நிற்போம். "காருக்கு இடதுன்னா உள்ள உக்காந்திருக்கறவங்களுக்கு இடது" என்றார் ரெய்யோ. நான்கையும் கழற்றி மறுபடி மாட்டினேன். நீ இதை வருடத்துக்கு இரண்டு தடவை செய்தாய். நான் மேலே ஜன்னலில் நின்று காப்பிக் கோப்பையோடு, "ஜாக்கி சாயுது!" என்று கத்திக்கொண்டிருந்தேன்.

டிசம்பரில் வழுக்குத் தடப் பயிற்சிக்குப் பெயர் கொடுத்தேன். என்னைத் தவிர எல்லோருக்கும் பதினெட்டு வயது. வென்லா என்று ஒரு பெண் பயிற்சி ஆசிரியை. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கொண்டு, தண்ணீர் ஊற்றி உறையவைத்த தடத்தில் என்னை ஓட்டச் சொல்லி, அவள் சொல்லும்போது அழுத்திப் பிரேக் பிடிக்கச் சொன்னாள். "பிரேக்!" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்தப் பக்கத்திலிருந்து அந்தச் சொல் வந்தால் எவ்வளவு கோபம் வருகிறது, ஹெல்வி! நாற்பத்தொரு வருடம் நீ ஒரே ஒரு தடவைதானே இறங்கி நடந்தாய், நானாக இருந்தால் முதல் வாரமே இறங்கியிருப்பேன். வண்டி சுற்றி, ஏழு ரப்பர்க் கூம்புகளைச் சாய்த்து, தடத்தின் கோடியில் நிறுத்தியிருந்த அட்டைக் கடமானை இடித்து நின்றது. இந்தத் தடவை உண்மையாகவே மான் இருந்தது, நான் கத்தவில்லை.

"நீங்க கூம்பையே பாத்துட்டிருந்தீங்க" என்றாள் வென்லா. "எதுல மோதக்கூடாதுன்னு நினைக்கிறீங்களோ அதைப் பாத்தா கை அங்கதான் போகும். எங்க போகணுமோ அங்க பாருங்க."

"எனக்கு ரொவனியெமி போகணும்."

"மொதல்ல அந்த வளைவு வரைக்கும் போங்க, பாக்கலாம்" என்றாள். பத்தாவது சுற்றில் வளைவு வரைக்கும் போனேன். சான்றிதழ் கொடுத்தார்கள். குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறேன், பார்க்கத்தான் யாரும் இல்லை.

சான்றிதழ் வாங்கியவனுக்கு வரவேண்டியது ஜனவரியில் வந்தது. அன்று காலை மைனஸ் இருபத்து மூன்று. முந்தின நாளே வண்டிக்கு முன்னால் இருக்கிற நம் ஏழாம் எண் மின்சாரத் தூணில் கடிகாரத்தைத் திருப்பி, வண்டியின் மின்கம்பியைச் சொருகி, எஞ்சின் இரண்டு மணி நேரம் சூடாகும்படி வைத்திருந்தேன். நீ பலகையில் எழுதி வைத்த எல்லாவற்றையும் செய்தேன். கண்ணாடிகளில் உறைந்திருந்த பனியைச் சுரண்டினேன், முன்னால் மட்டும் தபால் தலை அளவுக்குச் சுரண்டிவிட்டுக் கிளம்புகிறவர்களை நீ திட்டுவாயே, அப்படியில்லாமல் நாலு பக்கமும். கூரையில் இருந்த பனியைத் தள்ளினேன், பின்னால் வருகிறவர் மேல் விழக்கூடாது என்று. விளக்குகளைத் துடைத்தேன். எண் பலகையைக்கூடத் துடைத்தேன். இவ்வளவும் செய்த பெருமையில் நெஞ்சு நிமிர்ந்து, பெல்ட் மாட்டி, கிளம்பினேன். சின்னதாக ஒரு தடுக்கல் தெரிந்தது. குளிர் என்று நினைத்துக்கொண்டேன். கடைத்தெரு வழியாக, பள்ளி வழியாக, தேவாலயத்தைச் சுற்றிச் சந்தைச் சதுக்கம் வரைக்கும் போனேன். நடைபாதையில் எல்லோரும் நின்று பார்த்தார்கள். நம் ஊர்க்காரர்களைத்தான் உனக்குத் தெரியுமே, அடுத்தவர் விஷயத்தில் தலையிடக் கூடாது என்று மரியாதையாகப் பார்த்துக்கொண்டே நின்றார்கள். ஓட்டுகிற அழகைப் பார்க்கிறார்கள் என்று நான் ஒருவருக்குத் தலையசைத்தேன். சதுக்கத்தில் மீன் விற்கிற அம்மாதான் கடைசியில் வாய் திறந்தாள்.

"ரொம்ப தூரம் போறீங்களோ?"

"இல்லையே, ஏன்?"

"வீட்டுக் கரண்ட்டையும் சேத்து இழுத்துட்டுப் போறீங்களே, அதான் கேட்டேன்."

திரும்பிப் பார்த்தால் ஆரஞ்சு நிறக் கம்பி மூன்று மீட்டர் நீளத்துக்கு வண்டியின் முன்பக்கத்திலிருந்து பக்கவாட்டில் இழுபட்டுக் கிடந்தது. நுனியில் தூணின் மூடி ஒட்டிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்தபோது மாடிப்படி அறிவிப்புப் பலகையில் ரெய்யோவின் தாள் ஏற்கெனவே ஒட்டப்பட்டிருந்தது: "நம் வளாகத்தில் யாரோ ஒருவர் ஏழாம் எண் தூணின் மூடியைப் பிடுங்கிச் சென்றுள்ளார். அந்த யாரோ ஒருவர் கிளம்புமுன் ஒருமுறை வண்டியைச் சுற்றி நடந்து பார்க்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்." ஏழாம் எண் யாருடையது என்று இருபத்து நான்கு வீட்டுக்கும் தெரியும். ஒரு வாரம் எல்லோரும் என்னிடம் வானிலையைப் பற்றி மட்டும் பேசினார்கள்.

இதெல்லாம் போகட்டும். போன வாரம் வருடாந்திரச் சோதனைக்கு வண்டியைக் கொண்டு போனேன். அங்கே நடந்ததைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன் என்று இப்போது தோன்றுகிறது. சோதனைக்காரர் வண்டியைத் தூக்கிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், உருளையில் ஏற்றி நான்கு சக்கரத்துப் பிரேக்கையும் அளந்தார். நான் கைகளைப் பிசைந்துகொண்டு நின்றேன். "வண்டி நல்லா இருக்கு" என்றார். "வயசுக்கு ரொம்பவே நல்லா இருக்கு. யார் பாத்துக்கறாங்க?"

"என் மனைவி."

"ஒண்ணுதான் புரியல. ஓட்டறவங்க பக்கத்து மிதியடி புதுசு மாதிரி இருக்கு. பக்கத்து சீட்டு மிதியடியில மட்டும் வலது பக்கம் ஓட்டை விழுந்து, கீழ இருக்கற விரிப்பும் தேஞ்சு தகரம் தெரியுது. இங்க என்ன வெச்சிருந்தீங்க?"

"என் கால்" என்றேன்.

அவர் மிதியடியைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார், மறுபடி மிதியடியைப் பார்த்தார். "இதைக் குறிக்க எங்க படிவத்துல கட்டம் இல்ல" என்று சொல்லி முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார்.

வெளியே வந்து அந்த ஓட்டையை நானே பார்த்தேன், ஹெல்வி. ஒவ்வொரு வளைவிலும், ஒவ்வொரு சந்திப்பிலும், உன் அம்மா வீட்டுக்குப் போகிற அந்த இறக்கத்திலும் நான் அழுத்திக்கொண்டே வந்த இடம். இத்தனை வருடம் நான்தான் நம் குடும்பத்தைக் காப்பாற்றிக்கொண்டு வருகிறேன் என்று உள்ளுக்குள் ஒரு நினைப்பு எனக்கு இருந்தது. அந்தப் பிரேக் ஒரு தடவைகூடப் பிடித்ததில்லை. எல்லாத் தடவையும் வண்டியை நிறுத்தியது நீதான். தைனாவுக்குக் காய்ச்சல் வந்து பனிப்புயலில் ஆஸ்பத்திரிக்குப் போனோமே, அன்றும் நான் தகரத்தைத்தான் அழுத்திக்கொண்டிருந்தேன், நீ ஓட்டினாய். உனக்கு ஒரு தடவைகூட நன்றி சொன்னதாக ஞாபகம் இல்லை. மூன்றாவது கியர் என்று சொன்னதாகத்தான் ஞாபகம்.

வீடு அமைதியாக இருக்கிறது. நான் நினைத்தது போல இது நல்ல அமைதி இல்லை. காலையில் இரண்டு பேருக்குக் காப்பி போட்டுவிடுகிறேன், பழக்கம். இரண்டாவதையும் நானே குடிப்பதால் ராத்திரி தூக்கம் வருவதில்லை, அதனால்தான் கையெழுத்து இப்படி இருக்கிறது. உன்னைக் காணாமல் எனக்கு என்னவோ போல இருக்கிறது. இதைப் போனில் சொல்ல நான்கு தடவை முயன்றேன், நான்கு தடவையும் குளிரைப் பற்றிச் சொன்னேன்.

ஆகவே தீர்மானத்துக்கு வந்துவிட்டேன். நானும் ஸ்டியரிங்கும் ஒத்துவரவில்லை. நாளைக் காலை சாவியை ரெய்யோவிடம் ஒப்படைத்து, வண்டியை யாருக்காவது விற்றுவிடச் சொல்லப்போகிறேன். உயிர் உள்ளவரை இனி ஓட்டுநர் இருக்கையில் உட்காருவதில்லை. சனிக்கிழமை ரயிலில் வந்து, ஞானஸ்நானத்தில் கடைசி வரிசையில் நின்று, பேத்திகளின் பெயரைக் கேட்டுக்கொண்டு, ரயிலிலேயே திரும்பிவிடுகிறேன். திரும்பும்போது ஒரு டிக்கெட்டா இரண்டா என்பதை மட்டும் நீ சொல்லவேண்டும். எப்போது வருகிறாய்? வருகிறாயா?

தைனாவுக்கும் மாப்பிள்ளைக்கும் என் அன்பு. பெரிய பேத்திக்கும் அவளைவிட ஏழு நிமிடம் சின்னவளுக்கும் தாத்தாவின் ஆசி. ஆண்டவர் அவர்கள் போகிற பாதையிலெல்லாம் வெளிச்சமும், வழுக்காமல் இருக்கக் கொஞ்சம் மணலும் தூவி வைக்கட்டும். ரெய்யோ உன்னை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்.

என்றும் உன்,
எஸ்கோ

பின்குறிப்பு: இது பென்சிலில் இருப்பதற்குக் காரணம், பேனா மை உறைந்துவிட்டது. மேலே எழுதியதில் ரெய்யோ, ரயில், உயிர் உள்ளவரை, இந்த மூன்றையும் அடித்துவிட்டுப் படி. வியாழக்கிழமை காலை சாவியோடு அவர் வாசலுக்குப் போனேன், அவரும் கையை நீட்டினார். "என்ன, குடுக்கப் போறியா இல்லியா?" என்றார். "இல்ல, ரொவனியெமி வரைக்கும் போயிட்டு வரேன், சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்" என்றேன். அப்படிச் சொல்லப்போகிறேன் என்று எனக்கே தெரியாது. அவர் கீழே வந்து, வண்டியை ஒருமுறை சுற்றி நடந்து பார்த்துவிட்டு, "போய்யா" என்றார். அறுநூற்றைம்பது கிலோமீட்டர், இரண்டு நாள். மணிக்கு எழுபதுக்கு மேல் போகவில்லை. எனக்குப் பின்னால் லாரிகள் சேர்ந்தபோதெல்லாம் ஓரம் கட்டி வழிவிட்டேன். இரண்டு மணிக்கொரு தடவை நிறுத்தி நடந்தேன். கயானியில் ஓர் இரவு தூங்கினேன். கெமியைத் தாண்டியதும் ஒரு பனிமான் சாலை நடுவில் நின்றது. அது யோசித்து முடிக்கப் பதினெட்டு நிமிடம் ஆனது, காத்திருந்தேன். நேற்று சாயங்காலம் வந்து சேர்ந்து, இந்த ஊர் விடுதியில் படுத்திருந்துவிட்டு, இப்போது சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குத் தைனா வீட்டு வேலிப் பக்கம் தபால் பெட்டி முன்னால் நிற்கிறேன். நாளிதழை எடுக்க நீதான் வருவாய் என்பதால் அதன் மேல் இதை வைக்கிறேன். அவசரம் ஒன்றும் இல்லை. நாளை விழா முடிந்ததும், இன்னும் கொஞ்ச நாள் இங்கேயே இருக்கிறேன் என்று நீ சொன்னால், சரி என்று சொல்லிவிட்டுத் தனியாகத் திரும்பிப் போய்விடுவேன்.

இல்லை, போக மாட்டேன். வழி தெரியும், மனம்தான் வராது. வீட்டுக்கு வா, ஹெல்வி.